மழை பெய்தால் என்று நான் கொடுத்த வாக்கு

வேலம்மா,

இதை நின்றுகொண்டே படிக்காதே. மாப்பிள்ளை கம்பெனிக்கும் பிரியா பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, தையல் மிஷினை நிறுத்திவிட்டு, தனியாக உட்கார்ந்து படி. பெரிய கடிதம். கூடவே ஒரு பழைய நோட்டும் அனுப்பியிருக்கிறேன். அதை இப்போது பிரிக்காதே, கடிதம் முடிந்த பிறகு பார். மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த செல்போன் என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. அதிலேயே சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை உனக்கு அடித்தேன். நீ எடுத்து, "என்னப்பா, சாப்ட்டீங்களா" என்று கேட்பாய். சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிடுவேன். என் வாய் அப்படிப்பட்டது. திட்டுவதற்கு உடனே திறக்கும், சொல்ல வேண்டியதைச் சொல்லச் சொன்னால் பூட்டிக்கொள்ளும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் தைரியம் போய்விடும். அந்தப் பதினோரு ஆட்டை நீ கொல்லவில்லை. அது எனக்கு மறுநாள் காலையிலேயே தெரியும். பதினாறு வருஷமாகத் தெரியும். இதற்கு மேல் எழுதப்போவதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும், ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதுதான்.

போன மாதம் புதியம்புத்தூருக்கு வந்திருந்தேன் அல்லவா. நீ அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பிரியாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மிஷினில் உட்கார்ந்தாய். அவள் கையில் கணக்குப் புத்தகம் இருந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோனது. நீ அவளை அடிக்கவில்லை. நான் உன்னை அடித்த மாதிரி நீ அவளை ஒருநாளும் அடித்ததில்லை, அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "படிப்புக் கிறுக்குல பதினோரு உசுரக் கொன்னவ நானு. நீயும் என்னைய மாதிரி ஆயிராத பிள்ள." பிரியா புத்தகத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு துணியை எடுத்து உன்னோடு சேர்ந்து துடைக்க ஆரம்பித்தாள். நான் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரை இறக்கவில்லை. "இல்லட்டி, நீ கொல்லல" என்று அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் அவள் புத்தகத்தை மூடியதுதான் கண்ணில் நின்றது.

நோட்டு எப்படி என் கையில் கிடைத்தது என்று சொல்கிறேன். உன் அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவளுடைய தகரப் பெட்டியை நான் தொட்டதே இல்லை. தை மாதம் ரேஷன் கார்டைக் காணோம் என்று அதைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில், பிரவுன் தாள் அட்டை போட்டு, உன் பெயரும் 'முதலாம் ஆண்டு கணிதம்' என்றும் எழுதிய நோட்டு இருந்தது. அடுப்பெரிக்க ஆகும் என்று நீயே விறகோடு தூக்கிப் போட்டது அது. அவள் எரிக்காமல் எடுத்து வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவும் இல்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கண் ஆபரேஷன் ஆன பிறகு பொடி எழுத்துகூடத் தெரிகிறது, வீட்டில் பேச ஆளும் இல்லை. பொழுது போகாமல்தான் முதல் பக்கத்தைப் படித்தேன், பெரிய ஞானம் தேடியெல்லாம் இல்லை.

முதல் பக்கத்தில் 'கூற்று' என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தாய். மெய் அல்லது பொய், இரண்டில் ஒன்றாக மட்டுமே இருக்கக்கூடிய வாக்கியம் கூற்று. கோவில்பட்டி பசுவந்தனைக்கு மேற்கே இருக்கிறது, இது கூற்று. கதவைச் சாத்து, இது கூற்று அல்ல, கட்டளை. பஸ் எப்போது வரும், இதுவும் அல்ல, கேள்வி. இதற்கு ஒரு காலேஜா என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கொஞ்ச நேரம் யோசித்தேன். உன்னிடம் நான் பேசியதை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். தண்ணி எடு, ஆட்டைப் பத்திக்கொண்டு போ, வாயை மூடு, உள்ளே போ. பதினெட்டு வருஷத்தில் உன்னிடம் நான் பேசியதில் முக்கால்வாசி கட்டளை. கட்டளைக்கு மெய்யும் கிடையாது, பொய்யும் கிடையாது. அது ஒரு வசதி எனக்கு. கட்டளை மட்டுமே போட்டுக்கொண்டிருப்பவனை யாரும் பொய்யன் என்று சொல்ல முடியாது.

அடுத்து 'மற்றும்', 'அல்லது' என்று போனது. 'அல்லது' எனக்குப் பிடிபடவில்லை. இரண்டில் ஒன்று மெய்யாக இருந்தாலும் மொத்தமும் மெய், சரி. இரண்டுமே மெய்யாக இருந்தாலும் மெய் என்று போட்டிருந்தாய். அது எப்படி என்று இரண்டு நாள் உட்கார்ந்தேன். உங்கள் டீச்சர் சொல்லிக் கொடுத்த மெய்-பொய்க் கட்டம் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் ஒரு தீப்பெட்டியை எடுத்துத் தரையில் கொட்டினேன். மருந்து உள்ள குச்சி மெய், மருந்தைக் கிள்ளிய குச்சி பொய். முதல் கூற்றான பி-க்கு ஒரு குச்சி, இரண்டாவதான க்யூ-வுக்கு ஒரு குச்சி. இரண்டு குச்சியை எப்படி மாற்றி மாற்றி வைத்தாலும் நாலு வரிதான் வருகிறது, ஐந்தாவது வரி வரவே வராது. அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. உனக்குப் போன் பண்ணினேன். சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்தேன்.

பங்குனி மாதம் 'எனில்' என்ற இடத்துக்கு வந்தேன். பி எனில் க்யூ. இது நடந்தால் அது நடக்கும். அதில் ஒரு விதி எனக்குக் கோபத்தையே உண்டாக்கியது. முன்பாதி பொய்யாகிவிட்டால், பின்பாதி எப்படி இருந்தாலும் மொத்த வாக்கியம் மெய் என்கிறது. நடக்காத ஒன்றை முன்னால் வைத்துவிட்டு எதை வேண்டுமானாலும் சொல்லலாமா, இது என்ன அநியாயம் என்று நோட்டை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தால், மறுபக்கத்தில் நீ சொந்தமாக ஒரு உதாரணம் எழுதி வைத்திருக்கிறாய். 'மழை பெய்தால் அப்பா என்னை மேலே படிக்க வைப்பார்.' அதற்கு நாலு வரி. மழை பெய்தது, படிக்க வைத்தார்: அப்பா சொன்னது மெய். மழை பெய்யவில்லை, ஆனாலும் படிக்க வைத்தார்: மெய். மழை பெய்யவில்லை, படிக்க வைக்கவில்லை: அப்போதும் மெய், அப்பா பொய் சொல்லவில்லை. மழை பெய்தது, படிக்க வைக்கவில்லை: இது ஒன்றுதான் பொய். அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் சின்னதாக 'இது நடக்காது' என்று எழுதியிருந்தாய்.

விதி எனக்குப் புரிந்துவிட்டது, வேலம்மா. இந்தக் கரிசலில் அதை என்னைவிட யார் புரிந்துகொள்ள முடியும். நம் பக்கத்தில் எவனாவது 'தாரேன்' என்று மொட்டையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? 'மழை பெஞ்சா தாரேன்.' மழை பெய்தால் உனக்குக் காது குத்து, மழை பெய்தால் வீட்டுக்கு ஓடு மாற்றுவோம், மழை பெய்தால் திருச்செந்தூர் போவோம். உன் அம்மாவுக்குக் கல்யாணம் ஆன வருஷமே மழை பெய்தால் கல்லு வைத்த கம்மல் என்று சொன்னேன். ஒரு வருஷம் மழை ஏமாற்றியது. ஒரு வருஷம் பெய்தது, ஆனால் விதை முளைத்து எழுந்த நேரத்தில் பெய்து அழித்துவிட்டது, அதை மழை என்று சொல்ல முடியாது என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். அவளும் கேட்கவில்லை. வேப்பங்குச்சி செருகின காதோடுதான் போனாள். நீ எழுதிய கட்டப்படி பார்த்தால் நான் அவளிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எல்லா வரியிலும் மெய். இந்தப் பூமியில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் வாக்குத் தவறாதவர்கள், வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

உன்னைக் கல்லூரியில் சேர்த்ததும் அப்படி ஒரு வாக்கியத்தோடுதான். ஆனி மாதம் கோவில்பட்டியில் சேர்த்துவிட்டு வரும்போது பஸ்ஸில் வைத்துச் சொன்னேன். "இந்த ஒரு வருசம் போ. ஐப்பசி மழை பெஞ்சா மூணு வருசமும் படிக்க வைக்கேன். பெய்யலன்னா அதோட நின்னுக்கிடணும், அழக் கூடாது." நீ, "பெய்யும்ப்பா" என்றாய். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாய். ஆனி மாதத்தில் அங்கே என்ன இருக்கும், வெயில்தான் இருந்தது. ஆனால் அந்த வருஷம் பெய்தது. ஐப்பசி பிறந்த வாரமே பெய்தது, கண்மாய் முக்கால் பெருகியது. என் வாழ்நாளில் நான் கொடுத்த வாக்கில் முன்பாதி மெய்யாக வந்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த மழைக்கு முன்னால் நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. புரட்டாசியில் மாட்டாஸ்பத்திரிக்காரர்கள் ஊருக்கு வந்தார்கள். மழை பெய்து புதுப் புல் முளைத்ததும் ஆட்டுக்குத் துள்ளுமாரி வரும், இளம்புல்லை ஆசையாக மேய்ந்துவிட்டுத் துள்ளித் துடித்து விழுந்து சாகும், அதற்கு முன்கூட்டியே ஊசி போட வேண்டும் என்றார்கள். இலவசம்தான். நான் நம் ஆடுகளைப் பத்திக்கொண்டு, உடைமுள் மரம் அடர்ந்த உடங்காட்டுக்குள் போய்விட்டேன். அவர்கள் கிளம்பிய பிறகுதான் வெளியே வந்தேன். என்ன காரணம் தெரியுமா? அதற்கு நாலு வருஷம் முந்தி ஊசி போட்ட மறுவாரம் ஒரு ஆட்டுக்குச் சினை கலைந்துவிட்டது. ஊசி போட்டால் சினை கலையும் என்று அன்றைக்கு நான் முடிவு கட்டினேன். அதே வாரத்தில் அந்த ஆட்டைக் கிடா முட்டித் தள்ளியதை என் கண்ணால் பார்த்திருந்தேன். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நம் ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தான் ஊசிக்காரரைக் கண்டால் ஆட்டை ஒளிப்போம். மீதிப்பேர் போட்டுக்கொண்டார்கள்.

கார்த்திகையில் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பசுவந்தனைக்குப் போயிருந்தேன். கல்லூரி இல்லாததால் நீ ஆட்டைப் பத்திக்கொண்டு போனாய், கையில் இந்த நோட்டு. நான் திரும்பி வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. வயிறு உப்பி, கால் இழுத்து, வாயில் நுரை. பொழுது அடையுமுன் பதினொன்று. நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தர் சொன்னார்: "அண்ணாச்சி, மேலப் புஞ்சையில சோளம் வாடிச் சுருண்டு நிக்கி. அதத் தின்னுருக்கும்." மழை பெய்துவிட்டுப் பதினைந்து நாள் வெறித்திருந்தது, இளஞ்சோளம் சுருண்டுதான் இருந்தது. சுருண்ட சோளத்தைத் தின்றால் ஆடு சாகும் என்பது நம் வீட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். புஞ்சை ஓரத்தில் குளம்புத் தடம் வேறு கிடந்தது. தினமும் தண்ணிக்கு அந்த வழியாகத்தான் ஆட்டைப் பத்துகிறோம், தடம் இல்லாமல் எப்படி இருக்கும்? அதெல்லாம் இப்போது தோன்றுகிறது.

"ஏட்டி, நீ ஆட்டப் பாத்தியா, நோட்டப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"ரெண்டையுந்தாம்ப்பா பாத்தேன்."

"ரெண்டையும் எப்படிட்டி பாக்க முடியும்? ஒண்ணச் சொல்லு."

நீ அழவில்லை. எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்துச் சொன்னாய். "சோளம் தின்னா சாகும், சரிப்பா. அதுக்காவ செத்ததெல்லாம் சோளந்தான் தின்னுச்சுன்னு ஆயிராதுப்பா. வேற எதுலயும் செத்துருக்கலாம்லா."

"எனக்கே பாடம் எடுக்கியா?" என்று கையை ஓங்கியவன் அடித்துவிட்டேன். ஒன்றோடு நிற்கவில்லை, உனக்குத் தெரியும். நோட்டைப் பிடுங்கிப் பட்டிக்குள் எறிந்தேன். அட்டையில் இன்றைக்கும் புழுக்கைக் கறை இருக்கிறது. "நாளையில இருந்து காலேஜும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது" என்று அத்தனை பேர் கேட்கச் சொன்னேன்.

நீ சொன்னதை இந்த வருஷம் உன் நோட்டில் படித்தேன். மழை பெய்தால் கால் சகதியாகும். கால் சகதியாக இருக்கிறது, ஆகவே மழை பெய்தது. இது செல்லாது என்று போட்டு, 'தண்ணி லாரி கவிழ்ந்திருக்கலாம்' என்று பக்கத்தில் எழுதியிருந்தாய். ஆள் இல்லாத வீட்டில் தனியாகச் சிரித்தேன். அன்றைக்குப் பட்டிக்கு முன்னால் நின்று நீ சொன்னது இதே பாடம்தான். கற்ற பாடத்தை முதல் தடவையாகச் சொந்த வாழ்க்கையில் சரியாகப் போட்டுக் காட்டினாய், அதற்குத்தான் அறை வாங்கினாய்.

மறுநாள் விடிந்ததும் ஓடைக்கரையில் குழி தோண்டினேன். செத்த ஆட்டைக் கீறிப் பார்க்காமல் நம் ஆட்கள் புதைப்பதில்லை. எதைத் தின்றது என்று வயிறு காட்டிக்கொடுத்துவிடும். கூட ஒருவரும் இல்லை. முதல் ஆட்டைக் கீறினேன். உள்ளே புல். சின்னதாக, பச்சையாக, அப்போதுதான் கடித்த மாதிரி இளம்புல். கையை விட்டுத் துழாவினேன். சோளத்தோகை ஒரு நரம்புகூட இல்லை. இரண்டாவதைக் கீறினேன், மூன்றாவதையும் கீறினேன். புல்தான். சோளம் தின்றிருந்தால் வயிற்றில் சோளம் இருக்கும், வயிற்றில் சோளம் இல்லை, ஆகவே தின்னவில்லை. இதற்கு நோட்டும் வேண்டாம் காலேஜும் வேண்டாம், ஆடு மேய்க்கிற எவனுக்கும் தெரியும். குழிக்குள் நின்ற இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உடங்காடும் விளங்கியது, ஊசியும் விளங்கியது. என் ஆடுகளைக் கொன்றது நான். மீதிச் சந்தேகத்தையும் ஏழெட்டு நாளில் ஊரே தீர்த்துவைத்தது. அதே புல்லை மேய்ந்தும் ஊசி போட்டவர்கள் பட்டியில் ஒன்றுகூட விழவில்லை.

வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா தண்ணீர் ஊற்ற வந்தாள். "கீறிப் பாத்தியளா? உள்ள என்ன கெடந்துச்சு?" என்று கேட்டாள். அவள் கேட்டதற்கும் நான் பதில் சொன்னதற்கும் நடுவில் கை கழுவுகிற நேரம் இருந்தது. ஒரு மனுஷன் திருந்துவதற்கு அது தாராளமான நேரம். நான் சொன்னேன், "சோளந்தான்."

அவள் அடுப்படியில் உட்கார்ந்திருந்த உன் பக்கம் திரும்பினாள். "கேட்டியாட்டி, சோளந்தானாம்." முந்தின நாள் அடி வாங்கும்போதுகூட என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அப்போது தலையைக் குனிந்தாய். இன்றுவரை என்னிடம் பேசும்போது நீ நிமிர்ந்து பார்ப்பதில்லை. பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் இல்லை. நீ உன்னைக் குற்றவாளி என்று முடிவு கட்டியது அந்த நேரத்தில்தான் என்று போன மாதம் பால் பொங்கின அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன். உன் அம்மாவும் கடைசிவரை அப்படியே நம்பிப் போனாள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, "பிள்ள அறியாம செஞ்சது, மனசுல வச்சுக்கிடாதீய" என்று எனக்குத்தான் சமாதானம் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நானும் கேட்டுப் பார்த்தேன், பெருமையாகச் சொல்லும்படி ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் அடித்தாயிற்று, அத்தனை பேர் முன்னால் காலேஜ் இல்லை என்றாயிற்று. மறுநாள் போய், நான்தான் ஊசிக்குப் பயந்து ஆட்டை ஒளித்தேன் என்று சொல்ல மீசை இடம் கொடுக்கவில்லை. ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு தை பிறக்கட்டும் என்று நினைத்தேன். பரீட்சைக்கு இன்னும் நாள் இருந்தது, அதுவும் தெரியும். அதற்குள் உன் அம்மா வழியில் யாரோ புதியம்புத்தூர்த் தையல் கம்பெனியில் ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். பாவாடை தைக்கப் போனாய். பஸ் ஏறும்போது, "போயிட்டு வாரேம்ப்பா" என்று தரையைப் பார்த்துச் சொன்னாய். அப்போதும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதே காரணமாகிவிட்டது. தள்ளிப்போட்டவனுக்குக் காரணம் கிடைத்துக்கொண்டே இருக்கும், கடையில் வாங்க வேண்டியதில்லை.

இப்போது மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றுதான் இதை எழுதும்போதும் தோன்றுகிறது. உனக்கு முப்பத்து நாலு வயது. கல்லூரி அதே இடத்தில் இருக்கிறது, உன்கூடப் படித்த பெண்ணில் ஒருத்தி அங்கேயே டீச்சர் என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட நாளில் இருந்து கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் அந்தப் பக்கம் திரும்பாமல் வருகிறேன். உன் நோட்டில் நாலு வரி போட்டிருக்கிறாய், மூன்று வரியில் நான் தப்பித்துக்கொள்ளலாம். மழை பொய்த்த வருஷம் எல்லாம் தப்பித்துக்கொண்டுதான் இருந்தேன். மழை பெய்தது, நான் செய்யவில்லை என்கிற அந்த ஒரு வரியில் போய் உன் வாழ்க்கை முழுவதையும் உட்கார வைத்துவிட்டேன். நீ 'இது நடக்காது' என்று எழுதிய வரி அது. பென்சிலில் எழுதியிருக்கிறாய், ரப்பர் வைத்து அழித்துவிடலாமா என்று ஒருநாள் கை போனது. அழிக்கவில்லை.

உன்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. மன்னித்துவிடு என்பது கட்டளை. உனக்கு நான் போட்ட கட்டளை போதும். இந்தக் கடிதத்தில் மெய் என்றோ பொய் என்றோ சொல்லக்கூடியதை மட்டும் எழுத வேண்டும் என்று பார்த்தேன், ஆரம்பத்திலேயே உட்கார்ந்து படி, பிரிக்காதே என்று பழைய புத்தி வந்துவிட்டது. பிரியா விஷயத்தில் இன்னும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தேதான். அவளுக்கு நீ ஏதாவது வாக்குக் கொடுத்தால் முன்னால் ஒன்றையும் வைக்காமல் கொடு. மார்க் வந்தால், பீஸ் கூடத் தைத்தால், மழை பெய்தால் என்று ஒன்றும் வேண்டாம். பால் பொங்கினால் பொங்கட்டும். படித்துக்கொண்டே ஒரு பிள்ளை ஆட்டையும் பார்க்க முடியும், அடுப்பையும் பார்க்க முடியும். எப்போதாவது ஒன்று தவறும், அவ்வளவுதான். நீ அன்றைக்கு இரண்டையும்தான் பார்த்தாய்.

இந்த வருஷம் புரட்டாசி முடியப்போகிறது. சோளம் போடவில்லை, ஆடும் இல்லை, ஆகவே வானத்தைப் பார்க்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் பார்க்கிறேன். பெய்தாலும் அதற்குப் பின்னால் சொல்வதற்கு என்னிடம் வாக்கியம் எதுவும் மீதம் இல்லை.

இப்போது நோட்டைப் பிரி. கடைசியாக நீ எழுதிய பக்கத்தை எடு. மேலே நீல மையில், பட்டியில் என்னிடம் சொன்னதையே, அன்று ராத்திரி நோட்டை எடுத்து வந்து எழுதியிருக்கிறாய்: 'சோளம் தின்றால் ஆடு சாகும். ஆடு செத்தது. ஆகவே சோளம் தின்றது. செல்லாது.' அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, வேறு மையில், மறுநாள் எழுதியது: 'வயிற்றில் சோளம் இருந்தால், ஆடு சோளம் தின்றது. வயிற்றில் சோளம் இருந்தது. ஆகவே ஆடு சோளம் தின்றது. செல்லும்.' நடு வரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, 'அப்பா பார்த்தது' என்று எழுதியிருக்கிறாய். அதற்கு மேல் நோட்டில் ஒன்றும் இல்லை, எல்லாம் வெறும் தாள். போன வாரம்தான் இந்தப் பக்கத்துக்கு வந்தேன், குச்சி அடுக்கி இரண்டையும் சரிபார்த்தேன். மேலே எழுதியது செல்லாது, கீழே எழுதியது செல்லும், இரண்டிலும் நீ போட்டது சரி. கணக்கில் நீ ஒரு இடத்தில்கூடத் தப்புப் பண்ணவில்லை, உள்ளே வைத்த வரி ஒன்றுதான் தப்பு, அது நான் கொடுத்தது. 'அப்பா பார்த்தது' என்பதற்குப் பக்கத்தில் நேற்று ஒரே ஒரு சொல் எழுதினேன், 'பொய்' என்று. கோணல் எழுத்துதான், என் கையெழுத்து என்று உனக்குத் தெரியும். அதைப் பிரியாவுக்குக் காட்டு.

அப்பா